உன் மாமாவை இரண்டாம் தரம் அழைக்கப் போனேன்

அய்யா ராசா,

கல்யாண வேலைக்கு நடுவில் அம்மா கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டாளே, என்ன ஆச்சோ என்று பயந்துவிடாதே. ஒன்றும் ஆகவில்லை. மண்டபம் அதே இடத்தில்தான் இருக்கிறது, சமையல்காரர் ஓடிப்போகவில்லை, நானும் திடமாக இருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறக்குமுன்பே நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். இது ஒரு சரிம்மாவில் முடிகிற காரியமில்லை. அதனால் கூரியரில் அனுப்புகிறேன், நீ ஊருக்குக் கிளம்புமுன் ஓசூருக்கு வந்து சேர்ந்துவிடும் என்றார்கள். கம்பெனியில் வைத்து அரைகுறையாகப் படிக்காதே. ரூமுக்கு வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டுவிட்டுப் படி.

விஷயம் உன் மாமாவைப் பற்றியது. உன் பெயரைக் கேட்டாலே மூன்று வருஷமாக எழுந்து போய்விடுகிற என் அண்ணனைப் பற்றியது. நம் சொந்தத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் மாப்பிள்ளை மணவறையில் உட்கார முடியும். சித்தப்பாவோ பெரியப்பாவோ யாராவது போடலாமே என்று நீ சொல்வாய், சொல்லவும் செய்தாய். போடலாம். ஊர் ஒத்துக்கொள்ளும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மாலையைப் போட அந்த ஒரு மனிதரைத் தவிர வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

உன் அப்பா போனபோது உனக்கு ஆறு வயது. சிவகாசியில் ஒரு பெண் சின்ன வயதில் தாலி அறுத்தாள் என்றால், "வெடியிலயா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை, மஞ்சள்காமாலை. பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வேலை பார்த்த மனிதர், கண்ணில் மஞ்சள் தெரிந்த பதினெட்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் பந்தியில் இருக்கும்போது மாமா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். "வாத்தா, போவோம்" என்றார். வருகிறாயா என்று கேட்கவில்லை. தாயில்பட்டிக்கு அவர் வீட்டுக்கே போனோம். நான்கு வருஷம் அங்கே இருந்தோம். பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்க்கும்போது அப்பா பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டது அவர்தான். உனக்குக் காதுகுத்தி மடியில் வைத்துக்கொண்டவரும் அவர்தான். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் உனக்கு மொட்டை போட்டபோது, நீ அழுதாய் என்று தானும் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டவர். பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன் அவர், மொட்டைத் தலையோடு வேலைக்குப் போனதைக் கண்டு அந்த வாரம் முழுக்கக் கம்பெனியே சிரித்தது.

உன் மாமாவிடம் ஒரு குணம் உண்டு, அதை நீ அறிவாய். எதையும் அவர் இரண்டு தடவை கேட்க மாட்டார். சோறு போடட்டுமா என்று உன் அத்தை, என் மதினி, கேட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மறுபடி கேட்டால்கூட வேண்டாம்தான். வெடிமருந்து கலக்கும் இடத்தில் ஒரு ஆளைப் பார்த்து "அதத் தொடாத" என்று ஒரு தடவை சொல்வார். அவன் கேட்கவில்லை என்றால் மறுநாள் அவனுக்கு அங்கே வேலை கிடையாது. "ரெண்டாவது தடவ சொல்ல நேரம் இருக்காது தங்கச்சி, அதுக்குள்ள கூரை போயிரும்" என்பார். கம்பெனிக்கு அது நல்ல குணம். அந்த நல்ல குணத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

என் தொழில் அதற்கு நேர் எதிர். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்று மாமா ஒரு பிரஸ்ஸில் சொல்லி, எனக்குப் புரூஃப் பார்க்கிற இடத்தில் வேலை வாங்கித் தந்தார். இத்தனை வருஷமாக நான் அங்கே என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. "அம்மா பிரஸ்ல வாசிக்காக" என்று சின்ன வயதில் பெருமையாகச் சொல்வாய், அவ்வளவுதான். அது உண்மைதான். மூலத்தை நான் உரக்க வாசிப்பேன், கூட வேலை பார்க்கிற அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து அச்சடித்த தாளில் கண் வைத்துத் திருத்துவார். ஆனால் ஒரே வாசிப்போடு எந்தத் தாளும் மெஷினுக்குப் போகாது. இரண்டாம் வாசிப்பு உண்டு. அப்போது இடம் மாறி உட்காருவோம், அவர் வாசிப்பார், நான் திருத்துவேன். பார்த்த கண்ணே திரும்பவும் பார்த்தால், தாளில் இருப்பது தெரியாது, மனசில் இருப்பதுதான் தெரியும் என்பார் அண்ணாச்சி. தீப்பெட்டி லேபிளுக்கும் அதே சட்டம்தான், கல்யாணப் பத்திரிகைக்கும் அதே சட்டம்தான்.

இப்போது அந்த மூன்று வருஷத்துக்கு முந்தைய சமாசாரத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பாதி. மீதிப் பாதியை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

மாமா ஒருநாள் மாலை வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, "செல்விக்கு முடிச்சிரலாம்னு இருக்கேன். ஒம்பையனுக்குக் குடுக்கலாம்னு நெனப்பு. கேட்டுச் சொல்லு" என்றார். செல்வி அவர் மகள், உனக்கு முறைப்பெண். கேட்க உரிமையுள்ளவர் கேட்டார். நான் "அதுக்கென்னண்ணே, கேட்டுச் சொல்றேன்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். உள்ளே எனக்கு அந்தச் சம்பந்தத்தில் துளியும் விருப்பமில்லை. செல்வி தங்கமான பிள்ளை, அவளிடம் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்தான். நாம் தாயில்பட்டியில் இருந்தபோது ஒருநாள் நீ பருப்புக்கு நெய் கேட்டாய். அடுப்பாங்கரையிலிருந்து மதினி, "போட்ட சோத்தத் தின்னாப் பத்தாதாக்கும்" என்றார். யாரிடம் சொன்னாரோ, பூனையிடம் சொன்னாரோ, தெரியாது. சொல்லிவிட்டு அவரே நெய்யும் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றிய நெய்யை நீ தின்றாய், மறந்தாய். நான் அந்த வார்த்தையைப் பதினைந்து வருஷம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். செல்வி இந்த வீட்டுக்கு வந்தால், சாகிற வரைக்கும் நான் அந்தச் சோற்றுக்குக் கணக்குத் தீர்க்கிறவளாகவே இருப்பேன் என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். எவ்வளவு அற்பம் பார். எழுதும்போதே கூசுகிறது.

இதை நான் அண்ணனிடம் சொல்ல முடியாது. நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். அதனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நீயாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லாமலே என் மனசு உனக்குத் தெரிந்து, என் வாயில் பழி ஒட்டாமல் நீ சொல்லிவிட வேண்டும்.

நீ அப்போது இங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். தோசை சுட்டுக்கொண்டே கேட்டேன். "மாமா செல்வியத் தர்றேங்காக. ஒனக்கு எப்பிடிய்யா?" நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ என்னம்மா நெனைக்க? மொதல்ல அதச் சொல்லு" என்றாய். நான், "கட்டிக்கிடப் போறவன் நீ, எங்கிட்டக் கேட்டா?" என்று மழுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, வாசலில் நீ சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தபோது இரண்டாம் தரம் கேட்டேன். கையில் கிரீஸோடு நிமிர்ந்து பார்த்து, அச்சு மாறாமல் அதையே சொன்னாய். "மொதல்ல ஒன் நெனப்பச் சொல்லும்மா. அப்புறம் நான் சொல்றேன்."

எனக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும். "கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியல, நாளக் கடத்துறியாலே? ஒனக்காகத்தான இம்புட்டு வருசம் தேஞ்சேன்! எம்மனசு ஒனக்குத் தெரியாதா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரி வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு எட்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைப்பேன், நீ தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாய். எட்டு நாளும் நீ ஒரு எதிர்வார்த்தை பேசவில்லை.

அந்த எட்டாம் நாள் பிரஸ்ஸில் ஒரு சின்னப் புத்தகம் வாசிப்புக்கு வந்தது. ஓய்வு பெற்ற போதகர் ஒருவர் எழுதியது. வேதாகமத்தில் அரமேய மொழியில் உள்ள சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் சொல்லி, எங்கே எப்படி வருகிறது என்று எழுதியிருந்தார். நமக்கும் வேதாகமத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் புரூஃபுக்கு வந்துவிட்டால் எல்லாம் நம் சாமிதான். வாசித்துக்கொண்டே போனேன். "தின்யானூத்" என்று ஒரு சொல். அதற்கு நேரே முதலில் "மறுபடியும்" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, "இரண்டாம் தரம்" என்று போட்டிருந்தார். கீழே, வேதாகமம் முழுவதிலும் இந்தச் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது என்று ஒரு குறிப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரத்துக்கு உள்ள சொல் ஒரே தரம்தான் வருமாமே என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் "வரிய விட்றாதீக, வாசிங்க" என்றார்.

போதகர் ஐயா சாயங்காலம் திருத்தத் தாளை வாங்க வந்தார். வெயிலில் குடை பிடித்து நடந்து வருகிற, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஏன் "மறுபடியும்" என்பதை அடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லையோ என்னவோ.

"மறுபடியும்னா பத்தாவது தடவையாவும் இருக்கலாம் பாருங்கம்மா. இந்தச் சொல்லு அப்படி இல்ல. அந்தப் பாஷையில ரெண்டாவதுங்கிற சொல்லுக்குக் கூடப்பிறந்த சொல்லு இது. ரெண்டாந்தரம். அம்புட்டுத்தான்" என்றார். அப்புறம் அது வருகிற இடத்தைச் சொன்னார். பாபிலோனில் ஒரு ராஜா. சொப்பனம் கண்டு கலங்கிப் போகிறான். பலன் சொல்கிறவர்களைக் கூப்பிடுகிறான். சொப்பனத்தைச் சொல்லுங்கள், பலன் சொல்கிறோம் என்கிறார்கள். அதெல்லாம் முடியாது, நான் கண்ட சொப்பனம் என்ன என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் துண்டு துண்டாக வெட்டிப்போடுவேன் என்கிறான் ராஜா. அப்போது அவர்கள் பயந்து நடுங்கி இரண்டாம் தரமும் அதே பதிலைச் சொல்கிறார்கள். முதலில் நீங்கள் சொப்பனத்தைச் சொல்லுங்கள் என்று. அந்த இடத்தில்தான் இந்தச் சொல் வருகிறது. "அதுக்கு ராஜா என்ன சொன்னான் தெரியுமாம்மா? நீங்க நாளக் கடத்தப் பாக்கிறீங்கன்னான்" என்றார் போதகர் ஐயா.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "கண்டவன் அவன். அவன் சொப்பனத்த அவன்தான சொல்லணும்? கூறுகெட்ட ராசாவால்ல இருக்கான்!" என்றேன். போதகர் ஐயா சிரித்தார். "அதத்தாம்மா அவங்களும் ரெண்டு தரம் சொல்லிப் பாத்தாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு தாயும் மகனும் எட்டு நாளாகப் பேசாமல் இருக்கிறார்கள் என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

நான் அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், உன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நெய்ச் சமாசாரத்தைச் சொல்லவில்லை, அதை இன்றுதான் சொல்கிறேன். எனக்கு இஷ்டமில்லை, அதை அண்ணனிடம் சொல்லத் தைரியமில்லை, நீ சொல்வாய் என்று காத்திருந்தேன் என்று மட்டும் சொன்னேன். நீ கோபப்பட்டிருக்கலாம். கோபப்படவில்லை. "இதச் சொல்ல எட்டு நாளாம்மா?" என்று கேட்டாய். பிறகு எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மாமாகிட்ட எம்பேரச் சொல்லிரு. எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிரு. நீ ஏன் ஒங்க அண்ணன்கிட்டக் கெட்ட பேரு வாங்கணும்?" என்றாய்.

இங்கேதான் அய்யா நான் செய்த பெரிய தப்பு. அப்போது நான் "வேண்டாம், நான்தான் சொல்லணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலைச்சுமையை இறக்கியவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டேன். இன்னொன்றும் செய்யாமல் விட்டேன். என் ஆசையைச் சொன்னவள், உன் ஆசை என்ன என்று அன்று கேட்கவே இல்லை. அம்மாவின் மனசு தெரிந்த பிறகு நீ உன் மனசைத் திறக்கவே இல்லை. அதில் என்ன இருந்தது என்று இப்போது கேட்க மாட்டேன். கவிதாவின் கழுத்தில் தாலி ஏறப்போகிற நேரத்தில் அதைக் கேட்பது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். கேட்காமல் விட்டதை நான் மறக்கவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

தாயில்பட்டிக்குப் போய்ச் சொன்னேன். "பையனுக்கு இஷ்டமில்லண்ணே. செல்வியக் கூடப்பிறந்தவளா நெனைக்கான்." அண்ணன் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவர் இரண்டாம் தரம் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர்தான் கேட்க மாட்டாரே. "சரி" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மதினிதான், "வளத்த கடா மார்ல பாஞ்சிருச்சு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தக் கடா நீ இல்லை, நான்.

அன்றோடு மாமாவுக்கு நீ இல்லாமல் போனாய். செல்வியை ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்தார்கள், நல்லபடியாக இருக்கிறாள், போன மாதம் பையன் பிறந்திருக்கிறான். அந்தக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, உன் பெயர் அதில் இல்லை. நீ ஓசூருக்குப் போனாய். நல்ல வேலை கிடைத்தது என்று ஊரில் சொன்னேன். மாமா வரும் தெருவில் நடக்கக் கூசித்தான் நீ போனாய் என்று எனக்குத் தெரியும். இத்தனைக்கும் ஒரு தடவைகூட, கோபத்தில்கூட, "ஒன்னாலதானம்மா" என்று நீ சொன்னதில்லை. அந்த நன்றியைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. சொல்கிறேன் அய்யா. நீ எனக்கு மகனாகக் கிடைத்தது நான் கும்பிட்ட ஆத்தா போட்ட பிச்சை.

கவிதா விஷயத்தில் நீ எனக்கு முன்னால் வந்து நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. "அம்மா, நீ நெனைக்கிறத அப்புறம் சொல்லு. நான் நெனைக்கிறத மொதல்ல சொல்லிர்றேன். நீ கத்துனாலும் பரவால்ல" என்று ஒரே மூச்சில் சொன்னாய். நான் எங்கே கத்தினேன்? கத்தத் தோன்றவே இல்லை. என்னைவிட நீ கெட்டிக்காரன். அவளிடமும் அப்படியே இரு. உனக்கு வேண்டியதை வாய் திறந்து சொல். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவளே கண்டுபிடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. அவள் "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது, இன்னொரு தடவை கேள். நாம் விருந்தாளிக்கு இரண்டாம் தரம் சோறு வைப்பதில்லையா, அப்படி. ஆனால் ஒரே சாயங்காலத்தில் மூன்றாம் தரம் கேட்காதே, சாமான் உருளும்.

இனி இந்த வாரக் கதை. பத்திரிகை அடித்து வந்ததும் முதல் அழைப்பு தாய்மாமனுக்குத்தானே. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து, உன் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு முறையாகப் போனேன். அண்ணன் தட்டை வாங்கிக்கொண்டார். பத்திரிகையைப் பிரிக்கவில்லை. "பாப்போம்" என்றார். மதினி காப்பி கொடுத்தார். அவ்வளவுதான். உன்னிடம் போனில் "மாமா வர்றேன்னாக" என்று சொன்னேனே, அது பொய்.

மனஸ்தாபம் உள்ள வீட்டுக்கு இரண்டு அழைப்பு வைக்க வேண்டும் என்பது நம் பக்கத்துப் பழக்கம். முதலாவது தட்டோடு, ஆளோடு, ஊர் பார்க்கப் போக வேண்டும். இரண்டாவது வெறுங்கையோடு, தனியாகப் போக வேண்டும். அப்போது பத்திரிகையைப் பற்றிப் பேசக் கூடாது, மனசில் இருப்பதைப் பேச வேண்டும். பல பேர் இந்த இரண்டாவதைச் செய்வதில்லை, கௌரவம் தடுக்கும். நானும் நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, அண்ணன் வீட்டில் இருப்பார் என்று காலை பஸ்ஸில் போய் இறங்கினேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மதினி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அதான் அழைச்சிட்டியே, பெறகென்ன?" என்றார் அண்ணன். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது பொய். அவன் வேண்டாம்னு சொல்லல. நான்தான் வேண்டாம்னு நெனச்சேன். பழிய அவன் தலையில போட்டுட்டேன். போடச் சொன்னதும் அவன்தான். வாங்கிக்கிட்டு இம்புட்டு நாளா வாயத் தொறக்கல." நெய்க் கதையையும் சொன்னேன், மதினி முன்னாலேயே. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

மதினியின் கையில் முறம் நின்றுவிட்டது. "அடியாத்தி, நான் அப்பிடிச் சொன்னேனா?" என்றார். அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. என் காலடியில் வந்து உட்கார்ந்து, "இத அன்னைக்கே எம்மூஞ்சிக்கு நேரா கேட்டிருந்தா நாலு வார்த்த திட்டிட்டு விட்டிருப்பேனே, இப்பிடியா வச்சிக்கிட்டு வெந்த?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அண்ணன் திட்டட்டும் என்று காத்திருந்தேன். கம்பெனியில் ஆளை வெளியே அனுப்புகிற மாதிரி "போ" என்று ஒரே தடவை சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "போன ஆடிக் கடேசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு அவன் வந்திருந்தானா?" என்று கேட்டார். வந்திருந்தான், லீவு போட்டு வந்து சாமி கும்பிட்டுவிட்டுப் போனான் என்றேன். "ஆத்துக்குள்ள கூட்டத்துல எதிர்க்க வந்தான் தங்கச்சி. என்னப் பாத்து மாமான்னான். நான் மூஞ்சியத் திருப்பிட்டேன். கேக்கலயாக்கும்னு நெனச்சானோ என்னவோ, பின்னாலயே வந்து இன்னொரு தடவ மாமான்னான். ரெண்டாவது தடவையும் நான் திரும்பல" என்றார். உன் அப்பாவைத் தூக்கிய அன்றுகூட அழாத மனிதர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இருக்கன்குடியில் நடந்ததை நீ என்னிடம் சொல்லவே இல்லையே அய்யா. கூட்டம் நல்ல கூட்டம்மா, தரிசனம் சீக்கிரம் கிடைச்சது என்றுதானே சொன்னாய்.

கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். "நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவனுக்கு மால போட?" என்றார். மதினி எவ்வளவோ சொன்னார், நானும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பஸ் வந்த பிறகு, படியில் நான் கால் வைத்த பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவ கூப்பிடுவானா தங்கச்சி?"

அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அது உன் பதில். நீ என்ன நினைக்கிறாயோ தெரியாது, இந்தத் தடவை என் ஆசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலை சிவகாசியில் இறங்கியதும் வீட்டுக்கு வராதே. பையோடு அப்படியே தாயில்பட்டி பஸ்ஸில் ஏறு. அவர் விடியற்காலையே எழுந்து அந்த வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார், பஸ் ஸ்டாப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு தலையையும் பார்த்துக்கொண்டிருப்பார். நீ பக்கத்தில் போய் நின்று, மாமா என்று மட்டும் சொல். அவர் திரும்புவார்.

அன்புடன்,
அம்மா